இறாக்கையில் ஏழு பேர்

முதல் தடவை பார்த்தபோது மேனுகாவுக்குக் கொமடோர் ஓர்லனைப் பிடித்துத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது அவளுக்கே அருவருப்பாக இருக்கிறது. ஒரு கடையில் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த முறை அதன் குசினியை எட்டிப் பார்த்தவளின் நிலைதான்.

அது ஐம்பது வருடத்துக்கு முந்திய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர். கொமடோர் ஓர்லன் என்றொரு நெட்டை மனிதர், கையில் வெள்ளைக் கையுறை, வாயில் எந்நேரமும் ஒரு பகிடி. பழைய லிஃப்ட் ஒன்றுக்குள் ஏறிப் பொத்தானை அமுக்கினால் காலம் கடந்தும் கிரகம் கடந்தும் போய்விடுவார். மொத்தம் ஏழு சீசன். சீசனுக்கு ஒருத்தி அவருக்குத் துணையாக லிஃப்டில் ஏறுவாள். "இது என்ன, கொமடோர்?" என்று கேட்பதும் பயந்து கத்துவதும் அவளுடைய வேலை. அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இருந்தது. லிஃப்ட் எந்தக் கிரகத்தில் நின்றாலும் அவள்தான் முதலில் இறங்க வேண்டும். வெளியே உள்ள காற்று மூச்சுவிடத் தோதானதா என்று யாராவது பார்க்க வேண்டுமல்லவா? அவள் இருமாமல் ஒரு நிமிடம் நின்றுவிட்டால், கொமடோர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னால் இறங்குவார்.

முதல் தடவை இதற்கெல்லாம் மேனுகா சிரித்தாள். கிஷாந்த் சிரித்தான், அவளும் சிரித்தாள்.

கிஷாந்த் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். அவனுக்கும் மேனுகாவுக்கும் எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முடிந்து இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிவிட்டது. பதினொரு நாள் லீவில் வந்தான். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சின்ன மண்டபத்தில் பதிவுக்காரருக்கு முன்னால் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். வந்தவர்கள் ரோல்ஸும் கேக்கும் சாப்பிட்டார்கள். அவன் திரும்பிப் போய்விட்டான். விசா கிடைத்து அவள் அங்கே போனபிறகு கோயிலில் தாலி கட்டுவது என்று ஏற்பாடு. வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு நான்கு பேராவது இப்படி இருப்பார்கள். 'எழுத்து முடிஞ்ச பிள்ளை' என்று சொல்வார்கள். சட்டப்படி மனைவி, வீட்டில் இன்னும் கலியாணமாகாத குமர். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆறு மாதத்தில் விசா வந்துவிடும் என்றார்கள். அம்மா சிவக்கொழுந்து, "போற பிள்ளைக்கு வேலை என்னத்துக்கு?" என்றாள். மேனுகாவும் தலையை ஆட்டினாள். கொள்ளுப்பிட்டியில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்கு அனுமதிப் பத்திரங்கள் எடுத்துக் கொடுக்கும் கொம்பனி ஒன்றில் ஒன்பது வருடம் செய்த வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். குளிர் ஜக்கெற் ஒன்று வாங்கி, பூச்சி உருண்டை போட்டு அலுமாரியில் வைத்தார்கள். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் அந்த உருண்டை மணம் மேனுகாவின் முகத்தில் அடிக்கும்.

சனிக்கிழமைகளில் சேர்ந்து தொடர் பார்ப்பது கிஷாந்தின் யோசனை. சின்ன வயதில் பார்த்த தொடராம், அவனுக்கு உயிராம். கொழும்பில் பின்னேரம் ஏழு மணி, ஸ்காபரோவில் காலை ஒன்பதரை. "மூண்டு, ரெண்டு, ஒண்டு" என்று அவன் எண்ண, இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்குவார்கள். திரையில் கொமடோர் பெரிதாக இருப்பார், மூலையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் கிஷாந்த் இருப்பான். அவன் காலைச் சாப்பாடு சாப்பிடும் நேரம் அது. கோர்ன்ஃப்ளேக்ஸை வாயைத் திறந்தபடி சப்புவான். மைக் கோப்பைக்குப் பக்கத்தில் இருப்பதால், தொலைதூரக் கிரகங்களின் ராட்சதப் பூச்சிகள் எல்லாம் மேனுகாவுக்குப் பால் உறிஞ்சும் சத்தத்தோடுதான் அறிமுகமாயின. முதல் வருடம் அதையும் அவள் அன்பென்றே எடுத்துக்கொண்டாள். இத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஒருவன் சப்பும் சத்தம் கேட்பதே பெரிய நெருக்கம் என்று நினைத்தாளாம். சீ.

ஒரு வருடத்தில் ஏழு சீசனும் முடிந்தன. விசா வரவில்லை. "அப்ப திரும்ப முதல்ல இருந்து பாப்பம்," என்றான் கிஷாந்த் உற்சாகமாக.

இரண்டாம் சுற்றில்தான் அவளுக்குக் கண் திறந்தது. முதல் சீசன் பென்னி ஐந்து பாகங்களில் கால் இடறி விழுகிறாள், ஐந்திலும் இடது கால். மூன்றாம் சீசனில் வரும் ஐரிஸ் தாவரவியலில் டொக்டர் பட்டம் வாங்கியவள். எட்டுப் பாகத்தில் அவள் ஒரு செடியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. எல்லாச் செடிக்கும் கொமடோரே பெயர் சொன்னார், அவள் லிஃப்டின் மூலையில் நின்று அவருக்குத் தேநீர் ஊற்றினாள். கிஷாந்தோ முதல் சுற்றில் சிரித்த அதே இடத்தில், அதே அளவுக்குச் சிரித்தான். "அந்தக் கல்லுகள் எல்லாம் ரெஜிஃபோம், ஊதினாலே பறக்கும், தெரியுமே?" என்று அதே தகவலை அதே கண்சிமிட்டலோடு சொன்னான். போன வருடமும் சொன்னது அவனுக்கு நினைவில்லை. சொல்வதற்கு எதிரில் யாராவது இருந்தால் அவனுக்குப் போதும் என்று மேனுகாவுக்குத் தோன்றியது.

அன்று சனிக்கிழமை மூன்றாம் சீசனின் கடைசிப் பாகம். நான்கு மணிக்கு ரொஷேல் வந்தாள். பழைய ஒஃபிஸ் சிநேகிதி, கொட்டாஞ்சேனைக்காரி. மேனுகாவின் வீடு நான்காம் மாடி, லிஃப்ட் பழுதாகி ஒரு மாதம். வாசலில் நின்று மூச்சு வாங்கினாள்.

"ஆண்டவரே! உன்ட கொமடோர்ட லிஃப்ட் நட்சத்திரத்துக்குப் போகுது, உங்கட லிஃப்ட் நாலாம் மாடிக்கு வரமாட்டேங்குது."

தண்ணீர் குடித்து முடித்ததும் விஷயத்துக்கு வந்தாள். மேனுகாவின் பழைய இடம் மறுபடி காலியாம். முதலாளி ஸஹாப்தீன் மேனுகாவையே கேட்கிறாராம்.

"திங்கக்கிழம காலையில ஆள் வேணும்னு சொல்லிட்டார். நீ வரலன்னா வேற ஆள் எடுப்பார். இன்னைக்கே சொல்லு மேனு."

"கிஷாந்த் இந்த மாதம் விசா வந்திடும் எண்டு சொல்லுறார். போன கிழமையும் கேட்டனான். வேலைக்குப் போனா உடன விட்டிட்டு வர ஏலாது, வேண்டாம் எண்டுறார்."

"எந்த மாசம் அவர் இந்த மாசம்னு சொல்லல?" ரொஷேல் எழுந்தாள். ஒரு சனிக்கிழமை அவளும் உடன் இருந்து தொடரைப் பார்த்திருக்கிறாள். போகும்போது அதையும் ஒருமுறை திட்டாமல் அவளுக்குப் பொறுக்கவில்லை. "காத்துப் பார்க்க கேர்ல்ஸ முதல்ல இறக்கி விடுற மனுசன் ஒரு மனுசனா? எங்க டடி ஹாபர்ல இருபத்தெட்டு வருஷம். கப்பல் அறைக்குள்ள காத்து சரியில்லனா மேஸ்திரிதான் முதல்ல இறங்குவார். இது என்னடி கேவலம்!"

மேனுகாவுக்கு அவளோடு சேர்ந்து திட்ட ஆசையாக இருந்தது. ஆனால் அம்மா அடுத்த அறையில் இருந்தாள்.

அம்மாவின் சட்டம் ஒன்று அந்த வீட்டில் உண்டு. மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் துருவிக் கேட்கக் கூடாது. பதினாறு மாதத்துக்கு முன்னால் கிஷாந்த், லோயர் அசல் பத்திரங்களைப் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னான். பிறப்புச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், பொலிஸ் அறிக்கை, படிப்புச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் மேனுகா ஒரு பெரிய மண்ணிற உறைக்குள் வைத்தாள். ரொஷேல் ஒஃபிஸில் இருந்து ஒரு துண்டுச் சிவப்பு ஒட்டுநாடா, அவர்கள் பாஷையில் ரேப், கொண்டுவந்து ஒட்டினாள். சரக்குப் பத்திரங்களுக்கு ஒட்டும் ரேப் அது; யாராவது பிரித்தால் வெள்ளை வரி விழுந்துவிடும். அதற்குப் பிறகு அம்மா மஞ்சளைக் குழைத்து வந்தாள். கலியாண அழைப்பிதழுக்குப் பூசுவதுபோல் உறையின் நான்கு மூலையிலும் பூசினாள். கடைசி மூலையில் கை வழுக்கிப் பெருவிரல் அப்படியே பதிந்துவிட்டது. கூரியர் கடையில் இருந்த பெண் அதைத் தொட்டுப் பார்த்து, "மே மொனவத, மிஸ்?", இது என்ன என்று சிங்களத்தில் கேட்டபோது மேனுகாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அபே சிரித்தக்," எங்கள் வழக்கம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஒரு வாரத்தில் கிஷாந்த் சொன்னான்: "கவர் கிடைச்சுது. லோயர் எல்லாத்தையும் விசாவுக்குப் போட்டிட்டார்."

அன்றிலிருந்து எல்லாம் 'ப்ரோசஸிங்'. கீழ்மாடி யதுஷா இவளுக்கு எட்டு மாதம் பிந்தி எழுத்து முடித்தவள், போய்ச் சேர்ந்து அங்கே பனியில் நின்று படமும் போட்டுவிட்டாள். ஃபைல் நம்பரையாவது கேட்கட்டுமா என்று மேனுகா இரண்டு முறை அம்மாவிடம் கேட்டாள். "நம்பர் கேட்டா நம்பிக்கை இல்லையெண்டு நினைப்பினம், பிள்ளை. மங்களமா அனுப்பின கவர். அது தன்ர வேலையைச் செய்யும்," என்றாள் அம்மா. மேனுகா வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்ட தன் வாயை நினைத்தாலும் அவளுக்கு இப்போது அருவருப்புத்தான்.

ஏழு மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. அம்மா வழக்கம்போலக் கமராவில் விழாத பக்கமாகக் கதிரையைப் போட்டு, மடியில் முருங்கையிலையை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு வருடமாக மாப்பிள்ளைக்கு முன்னால் தலை வாராமல், சேலை மாற்றாமல் அவள் வந்ததே இல்லை. தொடரை மட்டும் விடமாட்டாள். கொமடோரை அவளுக்குப் பிடிக்கும், நல்ல உயரமான மனிதராம்.

திரையில் ஒரு பனிக்கிரகம். லிஃப்டின் கதவு இறுகிவிட்டது. யாராவது வெளியே நின்று ஒரு நெம்புகோலை அழுத்திப் பிடித்தால்தான் அது அசையும். யார் நிற்பது என்பதில் சந்தேகமே இல்லை. கொமடோர் ஐரிஸின் தோளில் வெள்ளைக் கையுறையை வைத்தார். "இங்கேயே நில், ஐரிஸ். இதோ வந்துவிடுகிறேன்." அவள் நெம்புகோலைப் பிடித்தாள், கதவு அசைந்தது, லிஃப்ட் போய்விட்டது. பனிக்குள் அவள் சின்னப் புள்ளியாக நிற்கச் சீசன் முடிந்தது. அடுத்த சீசனின் முதல் பாகத்தில் மார்கோ என்றொரு புதியவள் ஏறுவாள். கொமடோர் அவளுக்குத் தேநீர் கொடுப்பார், ஐரிஸின் கோப்பையிலேயே. ஐரிஸ் என்ற பெயரை அதற்குப் பிறகு ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

"திரும்பிப் போய் ஏத்தியிருக்கலாம்தானே?" என்று மேனுகா கேட்டாள். "லிஃப்ட் அவற்ற கையிலதானே இருக்கு?"

"அப்பிடித் திரும்பிப் போனா கதை ஓடாதப்பா." கிஷாந்த் கோப்பையைத் தூக்கி மிச்சப் பாலைக் குடித்தான். மீசையில் வெள்ளையாக ஒட்டியது, துடைக்கவில்லை. "மார்கோ சூப்பரா இருப்பாள், பாரும். அதை விடும், உமக்கு ஒரு சாமான் காட்ட வேணும்."

மேனுகா லப்டொப்பில் அவனுடைய சதுரத்தைத் திரை முழுக்க விரித்தாள். அவன் ஒரு பெட்டியைப் பிரித்து விரலளவு பொம்மை ஒன்றை எடுத்தான். பச்சைச் சட்டை, கையில் தேநீர்க் கோப்பை. ஐரிஸ். ஏழு துணையாட்களின் பொம்மைகளில் அவனிடம் ஆறு இருந்தனவாம், இவள் மட்டும் எங்கும் கிடைக்காமல் இப்போதுதான் ஏலத்தில் அகப்பட்டாளாம். ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடந்தான். சுவரோரம் ஒரு இறாக்கை. மேல்தட்டில் கொமடோர் ஒரு சாண் உயரத்தில் தனியாக நின்றார். கீழ்த்தட்டில் கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். கிஷாந்த் ஐரிஸை மூன்றாம் இடத்தில் வைத்துவிட்டு, ஃபோனைக் கிட்டே கொண்டுபோனான்.

"இப்ப எல்லாரும் வந்திட்டினம். வடிவா இருக்கே?"

மேனுகா பொம்மைகளைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பலகைக்குக் கீழே, அது ஆடாமல் இருப்பதற்காக ஒரு தடித்த மண்ணிற உறை செருகப்பட்டிருந்தது. அதன் ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. மூலையில் காய்ந்து கறுத்த மஞ்சள். மஞ்சளில் ஒரு பெருவிரல். விளிம்போடு சிவப்பு ரேப், ஒரு வெள்ளை வரிகூட இல்லாமல். ஒன்பது வருடம் சரக்குப் பத்திரங்களின் சீல்களைப் பார்த்த கண்கள் அவளுடையவை. அவற்றுக்கு இரண்டாம் தடவை பார்க்கத் தேவைப்படவில்லை.

கதிரையை முன்னால் இழுத்தாள்.

"கிஷாந்த், அந்தக் கவர் என்ன?"

"எது? ஓ, அதோ? தட்டு ஆடுது, அதுக்கு வைச்ச..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். படம் சட்டென்று கூரைக்குத் திரும்பியது. மறுபடி வந்தபோது அவனுடைய முகம் மட்டும் இருந்தது. "அது ஃபோட்டோக் கொப்பியள். லோயரிட்டக் குடுத்திட்டு மிச்சம்..."

"ரேப் பிரிக்கவே இல்லை."

"மேனு, சும்மா ஆத்திரப்படாதேம். இஞ்ச எவ்வளவு பிரச்சினை எண்டு உமக்குத் தெரியாது. வீடு மாறவேணும், வேலையில ஷிஃப்ட். செய்யலாம் எண்டுதான் வைச்சிருக்கிறன்."

"பதினாறு மாதமா?"

"இப்ப என்ன குறைஞ்சு போச்சு?" அவனுடைய குரலில் உண்மையான வியப்பு இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக அருவருத்தது. "சனிக்கிழமை சனிக்கிழமை கதைக்கிறம், சேர்ந்து பாக்கிறம். இது நல்லாத்தானே போகுது? கன பேருக்கு இவ்வளவும் இல்லை, தெரியுமே?"

நல்லாத்தான் போகிறது. அவனுக்கு. சமைக்க வேண்டியதில்லை, இடம் கொடுக்க வேண்டியதில்லை, சண்டை போட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பொத்தானை அமுக்கினால் சிரிக்க ஒருத்தி வருவாள், மறுபடி அமுக்கினால் போய்விடுவாள். அவன் பொய் சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப்படவில்லை. தன்னுடைய பிறப்பும் படிப்பும் கலியாணமும் அந்தப் பொம்மைகளுக்கு முண்டு கொடுத்தபடி கிடந்தன. அதற்கு மேலேதான் அவன் வாரா வாரம் தூசி துடைத்திருக்கிறான்.

"அந்தக் கவரை எனக்குத் திருப்பி அனுப்புங்கோ. திங்கட்கிழமையே."

"இப்ப அதை உருவினா எல்லாம் சரிஞ்சு விழும், மேனு. ஐரிஸ் பீங்கான். பிறகு வேற ஏதும் வைச்சிட்டு..." எங்கோ மணி அடித்தது. அவன் முகம் தெளிந்தது. தப்பிக்க வழி கிடைத்த முகம். "ஆரோ வந்திருக்கினம். இதிலயே இரும். எங்கயும் போகாதேம், இதோ வந்திடுறன்."

ஃபோனை இறாக்கைக்கு எதிரே எதிலோ சாத்தி வைத்துவிட்டுப் போனான். திரையில் ஏழு பெண்களும் வரிசையாக நின்றார்கள்.

மேனுகாவுக்கு அழுகை வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. கை கழுவ வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். பக்கத்தில் அம்மாவும் எழுந்து நின்றாள். மடியில் இருந்த முருங்கையிலை முழுவதும் தரையில் கொட்டிக் கிடந்தது.

"அது என்ர விரல்," என்றாள் அம்மா. திரையைத் தொட்டுக் காட்டினாள். "என்ர விரல், பிள்ளை. நான்தானே உன்னைக் கேக்க விடயில்லை."

இல்லை என்று சொல்ல மேனுகாவால் முடியவில்லை. தன் ஃபோனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினாள். வீட்டுக்குள் நிற்க முடியாதுபோல் இருந்தது. பூச்சி உருண்டை மணம் இங்கே வரைக்கும் வந்தது. கீழே இறங்கிக் கடற்காற்றுப் படுமட்டும் நடக்க வேண்டும். ரொஷேலின் எண்ணை அமுக்கிக் காதில் வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது அம்மா அவளுடைய கதிரையில், லப்டொப்புக்கு நேர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தலை கலைந்திருந்தது. வீட்டில் போடும் வெளுத்த சட்டையில் முருங்கையிலை ஒட்டியிருந்தது. ஒன்றையும் அவள் சரிசெய்யவில்லை.

"மேனு, கூரியர்காரன்தான்..." கிஷாந்தின் குரல் வந்தது. பிறகு தடுமாறியது. "மாமி? மேனுகா எங்க?"

"பிள்ளை இறங்கிட்டுது, தம்பி. நான்தான் இருக்கிறன். அந்தக் கவரை உருவும்."

"மாமி, அது இப்ப எடுத்தா..."

"உருவும் எண்டு சொன்னனான். நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

கண்ணாடி சரிவதும், ஒன்றன் பின் ஒன்றாக ஏதோ தரையில் விழுந்து உடைவதும் கேட்டது.

"விழுந்ததுகளைப் பிறகு பொறுக்கலாம்," என்றாள் சிவக்கொழுந்து. "கவரைக் கிட்டக் கொண்டு வாரும். ரேப்பை நான் பாக்க வேணும்."

அதற்குள் ரொஷேல் ஃபோனை எடுத்திருந்தாள். "என்னடி அங்க சத்தம்?"

"ஒண்டுமில்லை, பொம்மையள் விழுந்தது." மேனுகா செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். "திங்கக்கிழமை எத்தினை மணிக்கு வரவேணும் எண்டு சொல்லு."